தீப்பெட்டியைக் கேட்டில் விட்டவன்

கேஸ் குடோனில் சேர்ந்தால் முதல் நாளே ஒரு பழக்கம் வந்துவிடும். கேட்டில் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே போவது. உங்களுக்கும் வந்திருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் செங்கல்பட்டு குடோனில் சேர்ந்தபோதும் அதேதான். வாட்ச்மேன் ஒரு தகர டப்பாவை நீட்டுவார். பீடிக்கட்டு, தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் அதில் விழும். உள்ளே போய் வண்டிக்கு லோடு ஏற்றுவோம். வண்டி கிளம்பும்போது அதே டப்பாவை மறுபடி நீட்டுவார். அவரவர் தீப்பெட்டியை எடுத்து அவரவர் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். முதுகுக்குப் பின்னால் வண்டி நிறைய சிலிண்டர்.

இதைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. யாருக்கும் தப்பாகத் தெரிந்ததும் இல்லை. குடோனுக்குள் நெருப்பு கூடாது என்பது சட்டம். ரோட்டுக்கு அந்தச் சட்டம் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது வேலை இல்லை, வீட்டில் இருக்கிறேன். குடோனில் இப்போது வேலை பார்க்கிற உங்களில் ரெண்டு பேர் வந்து, பீடியை எப்படி விட்டீர்கள் என்று கேட்டீர்கள். எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

எப்படி விட்டேன் என்பதற்கு முன்னால், எப்படிப் பிடித்தேன் என்று சொல்ல வேண்டும். ரெண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

சேரும்போது எனக்குப் பீடி கிடையாது. கேஸ் நிரப்புகிற பாட்டிலிங் பிளாண்டிலிருந்து லாரி வந்தால் மொத்தத்தையும் இறக்கி அடுக்க வேண்டும். உட்காரக் கூடாது. அதுதான் மேனேஜர் வைத்த முறை. ஆனால் பீடி பிடிக்கிறவனை மட்டும் முறை போட்டு வெளியே விடுவார். விடாவிட்டால் அவன் உள்ளேயே எங்காவது ஒளிந்து பற்ற வைத்துவிடுவான் என்று பயம். கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் ஒரு கருங்கல் கிடந்தது. அதில் உட்கார்ந்து பீடி முடிகிற வரைக்கும் இருக்கலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

தோள் தோலுரிந்து எரிந்த ஒரு நாள் மேனேஜரிடம் கேட்டேன், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று.

"இன்னாத்துக்கு? பீடி புடிக்கிறியா நீ?"

"இல்ல சார்."

"அப்ப இன்னா பேஜாரு உனக்கு? தூக்கு."

மறுநாள் ஒரு கட்டுப் பீடி வாங்கினேன். இருமிக்கொண்டே குடித்தேன். ஆனால் உட்கார்ந்து குடித்தேன்.

பிறகு அது கல்லை விட்டு என்னோடு வீட்டுக்கும் வந்தது. காலையில் கண் விழித்ததும் கேட்டது. சாப்பிட்டதும் கேட்டது. பஸ்ஸுக்கு நின்றால் கேட்டது. உட்காருவதற்காக வாங்கியது, கடைசியில் நிற்கும்போதும் நடக்கும்போதும் வேண்டியதாகிவிட்டது.

சில வருஷம் கழித்து எனக்கு மெக்கானிக் வேலை கொடுத்தார்கள். அடுப்பு, ரெகுலேட்டர், ட்யூப் பார்க்கிற வேலை. கல்பாக்கம் குடியிருப்பு முழுக்க என் லைன். அங்கே எல்லா ஜில்லாக்காரர்களும் உண்டு. ஒரு வீட்டம்மா திருநெல்வேலிப் பக்கம். கேஸ் கசிகிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார். போனேன். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு.

சமையல்கட்டுக்குள் போய் நன்றாக மூச்சை இழுத்தேன். ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் வரலியே மா."

"என்னண்ணே சொல்லுதிய? வாசல்லயே ஆள அடிக்கி. ஒங்களுக்குச் சளியா?"

"இல்ல."

சோப்புத் தண்ணீரை ரெகுலேட்டர் வாயில் தடவினேன். நுரை பொங்கிக்கொண்டு வந்தது. ரப்பர் வாஷரில் வெடிப்பு விட்டிருந்தது. மாற்றினேன். மறுபடி தடவினேன். நுரை இல்லை. வேலை முடிந்தது. அந்த அம்மா உள்ளே வந்து ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டுக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதியண்ணே. பீடி குடிப்பியளோ?"

"ஆமா."

"எங்க சித்தப்பாவும் அப்படித்தான். மீனு கெட்டுப் போனாக்கூட அவுகளுக்குத் தெரியாது. கொழம்பு கொதிக்கையில நாங்கதான் சொல்லணும்."

கோபம் வரவில்லை. கீழே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சோப்புத் தண்ணீர் பொய் சொல்லாது. ஆனால் கை வைக்கிற இடத்தில்தான் அது பேசும். கதவைத் திறக்கலாமா, லைட் சுவிட்சைத் தொடலாமா என்று வாசலிலேயே சொல்வது மூக்கு. என் மூக்கு செத்துப்போயிருந்தது. எனக்கே தெரியாமல் செத்துப்போயிருந்தது. மூக்கு இல்லாத மெக்கானிக் ஒரு நாள் யார் வீட்டையாவது எரித்துவிடுவான். அது நானாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. மூக்கு திரும்ப வருமா வராதா என்றுகூடத் தெரியாது. பீடியை விட்டால்தான் தெரியும்.

முதல் தடவை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு விட்டேன். பீடிக்கட்டைக் கொளவாய் ஏரியில் வீசினேன். எல்லாரும் பார்த்தார்கள். அந்த வாரமே லாரி வந்தது. லாரி வந்தால் மெக்கானிக்கும் சேர்ந்து இறக்க வேண்டும். மற்றவர்கள் முறை போட்டு வெளியே போனார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"நீதான் உட்டுட்டியே. சும்மா நிக்காத. அந்த வரிசைய எடுத்து அடுக்கு."

அடுக்கினேன். அடுத்தவன் முறையையும் சேர்த்து அடுக்கினேன். பொழுது சாய்வதற்குள் கல்லுக்குப் போய் உட்கார்ந்து கை நீட்டினேன். ஏழுமலைதான் பீடி கொடுத்தான். எங்கள் வண்டி டிரைவர், எனக்குக் கூட்டாளி.

"வா சாமியாரே, வா" என்று அவனே பற்றவைத்தும் விட்டான்.

ரெண்டாவது தடவை அவன் சொன்ன யோசனை. புகை வேண்டாம், புகையிலைப் பொட்டலம் வாங்கி உதட்டுக்குள் வை என்றான். வைத்தேன். புகை இல்லை, நெருப்பு இல்லை, பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். இருமலுக்காக அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, "வர்ற வழியத்தான் மாத்தியிருக்க, சரக்கு அதேதான்" என்றார். அந்தச் சரக்குக்குப் பேர் நிக்கோட்டின் என்று அன்றைக்குத்தான் தெரியும். புகையானாலும் பொட்டலமானாலும் உடம்பு கேட்பது அதைத்தானாம். அந்தக் கேட்பு ஏறும், கொஞ்ச நேரம் நிற்கும், தானாக இறங்கும். இறங்குகிற வரைக்கும் கைக்கும் வாய்க்கும் வேறு வேலை கொடு என்றார். மெல்லுகிற மருந்து ஒன்று இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தலாம், வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றும் சொன்னார். நான் வாங்கவில்லை. அதை வாங்கிப் பீடியை விட்டவர்களைப் பிற்பாடு பார்த்திருக்கிறேன். கேட்க வெட்கப்படாதீர்கள்.

இதற்கு நடுவில் ஏழுமலையைக் கவனித்தேன். அவன் வருஷா வருஷம் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுவான். போட்டால் ஒரு மண்டலத்துக்கு ஒரு இழுப்பு கிடையாது. கை நடுங்காது, முகம் மாறாது. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றுவான். கழற்றிய கை நேராகத் தீப்பெட்டிக்குப் போகும்.

"எப்படிடா முடியுது உன்னால?" என்று கேட்டேன்.

"அப்போ எவனும் நீட்ட மாட்டான் மச்சான். சாமின்னு கூப்புடுவான். டீ வாங்கிக் குடுத்து உக்கார வைப்பான். ஏன், நம்ம மேனேஜரே 'சாமி, செத்த உக்காருங்க'ன்னு சொல்றாரு இல்ல?"

"அப்புறம் ஏன் மறுபடி?"

"மாலைய கழட்டிட்டேன்ல? அதுக்குத்தான பல்ல கடிச்சிகினு இருந்தேன்."

அதில் எனக்கு வேண்டியது முழுக்க இருந்தது. யாரும் நீட்டக் கூடாது. உட்கார இடம் வேண்டும். முடிகிற தேதி இருக்கக் கூடாது. தேதி இருந்தால் விடுவது இல்லை, காத்திருப்பது.

அதற்கப்புறம் வாட்ச்மேனிடம் போனேன். அவரும் ஒரு காலத்தில் சுருட்டு பிடித்து விட்டவர். டப்பாவில் தீப்பெட்டியைப் போட்டுவிட்டு, "பீடிய உடப்போறேன்" என்றேன்.

"எத்தினி நாளுக்கு?"

"எப்பவுமே."

சிரித்தார். "எப்பவுமேன்றது பெரிய மூட்டை நைனா. உன்னால தூக்க முடியாது. 'இப்ப வேணாம்'னு சொல்லு. மறுபடி கேக்கும். அப்பவும் 'இப்ப வேணாம்'னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத."

"சாயங்காலம் டப்பாவ நீட்டாதீங்க எனக்கு."

"நீயா கேட்டாத்தான் குடுப்பேன்."

இந்தத் தடவை வேறு யாரிடமும் சொல்லவில்லை. லாரி வந்தது. பீடிக்காரர்கள் எழுந்தபோது நானும் எழுந்தேன். எதிர்க்கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு கல்லில் போய் உட்கார்ந்தேன், காற்று வருகிற பக்கமாக, புகை மேலே படாமல். மேனேஜர் கேட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னா, பீடியும் காணோம், ஒண்ணும் காணோம். இங்க இன்னா பண்ற?"

"உக்காந்துகினு கீறேன் சார்."

"பீடிய உட்டுட்டியா மறுபடியும்?"

"பீடியதான் உட்டேன் சார். உக்கார்றத உடல."

ஏழுமலைக்குப் புரை ஏறிவிட்டது. மேனேஜர் அவனை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆளாளுக்கு இப்படிக் கெளம்பினா லோடு யாருப்பா எறக்கறது?"

"இவங்க பீடி முடியற வரைக்கும்தான் சார். அதுக்கு மேல ஒரு நிமிஷம் உக்கார மாட்டேன்."

உள்ளே போனார். ஆனால் மனதில் வைத்துக்கொண்டார். மறு வாரம் என்னை மெக்கானிக் வேலையிலிருந்து எடுத்து, ஏழுமலையோடு மாமல்லபுரம் டெலிவரி லைனில் போட்டார். மறுபடியும் தோளில் சிலிண்டர். போடட்டும் என்று விட்டுவிட்டேன். கல்லில் என் இடம் போகவில்லை.

அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று மறைக்க மாட்டேன். தூக்கம் கெட்டது. உப்புக் குறைந்ததற்கெல்லாம் வீட்டில் கத்தினேன். முன்னைவிட இருமல் கூடியது, சளி சளியாக வந்தது. அது உள்ளே இருப்பது வெளியே வருகிற இருமல். பயந்து திரும்பிப் போகாதீர்கள். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. பைக்குள் போய்த் தீப்பெட்டியைத் தேடியது. பழைய வாஷர் ஒன்றை அந்தப் பையில் போட்டு வைத்தேன். கை போனால் அது அகப்படும். விரலில் உருட்டிக்கொண்டே 'இப்ப வேணாம்' என்பேன். கேட்டால் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்தது.

ஒரு நாள் காலை சதுரங்கப்பட்டினம் தாண்டி வண்டி போகும்போது குப்பென்று அடித்தது. கருவாடு. ரோட்டோரம் காயப்போட்டிருந்தார்கள். அத்தனை நாள் அதே ரோட்டில்தான் போய் வந்தேன். வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"இன்னா ஆச்சு?" என்றான் ஏழுமலை.

"கருவாடு நாறுதுடா."

"நாத்தத்துக்கு இவ்ளோ சந்தோஷப்படற ஆள நான் பாத்ததே இல்ல மச்சான்."

மூக்கு திரும்பிவிட்டது. கல்பாக்கம் அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை.

இனி சொல்லப்போவது அதற்குப் பிறகு நடந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, சென்னைக் கூட்டம் சனி ஞாயிறு மாமல்லபுரத்துக்கு வர ஆரம்பித்திருந்த சமயம். மணல் மேலேயே மீன் வறுத்துக் கொடுக்கிற கடைகள் வந்துவிட்டன. அங்கே சமையல்கட்டுக்கு ஒரு வியாதி உண்டு. கடல் காற்று அடுப்பை அணைக்கும். அதனால் சமையல்காரர்கள் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் சாக்கைத் திணித்து வைப்பார்கள். அடுப்புக்கு நல்லது. மற்றதுக்கெல்லாம் கெட்டது.

சனிக்கிழமை. கூட்டம் வருவதற்கு முன்னால் ஒரு கடைக்குப் போனோம். நான் சிலிண்டரோடு முன்னால். ஏழுமலை இன்னொன்றோடு பின்னால். பின்வாசல் கதவைச் சமையல் மாஸ்டர் திறந்தார். அதுவரை மணலில் மீன் பார்த்துக்கொண்டிருந்தவர், எங்களுக்காகத்தான் வந்து வெளியிலிருந்து திறந்தார். உதட்டில் பற்றவைக்காத சிகரெட்.

"அண்ணாத்த, தீப்பெட்டி கீதா?"

பீடிக்காரர்களிடம் நெருப்புக் கேட்டால், யோசிப்பதற்கு முன்னால் கை பைக்குப் போய்விடும். உங்களுக்கும் அப்படித்தான். என் கையும் போனது. விட்டு எத்தனையோ நாளாகியும் போனது. வாஷர்தான் வந்தது. அந்த நொடியில் வாடை மூக்கில் ஏறியது. கொஞ்சநஞ்சம் இல்லை. உள்ளே நிறைந்திருந்தது.

பின்னால் ஏழுமலையின் குரல்: "என்கிட்ட கீது, இரு."

சிலிண்டரை மணலில் இறக்கிவிட்டு அவன் கை பைக்குள் போனது. கேட்டில் காலையில் டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்ட தீப்பெட்டி. மூன்று பேர் நின்றோம். ரெண்டு பேருக்கு வாடை தெரியவில்லை.

கத்தியிருக்கலாம். கத்தினால் யாராவது பயந்து ஓடி ஃபேன் சுவிட்சைப் போடுவார்கள். சுவிட்சும் தீக்குச்சியும் அந்த இடத்தில் ஒன்றுதான். உள்ளே மீன் கழுவுகிற அம்மா ஒருத்தர் குந்தியிருந்தார்; மீன் வாடையில் அவருக்கு வேறு வாடை தெரிந்திருக்காது. நான் என் சிலிண்டரை மெதுவாக இறக்கினேன். ஏழுமலையின் கையைப் பையோடு சேர்த்துப் பிடித்தேன்.

"கைய வெளிய எடுக்காத. வண்டிகிட்ட போ. அத வச்சிட்டு வா."

என் முகத்தைப் பார்த்தான். போனான். அவன் ஒன்றும் கேட்கவில்லை, அதற்கு இன்னும் அவனுக்கு நன்றி சொல்லவில்லை. மாஸ்டர் உதட்டிலிருந்து சிகரெட்டை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். "வெளிய வா மாஸ்டர், ஒரு விஷயம்" என்றேன்.

"இன்னா வெளாட்டு இது?"

"வா, சொல்றேன்."

வந்தார். உள்ளே பார்த்துச் சொன்னேன், "எம்மா, கையில கீறத அப்படியே கீழ வச்சிட்டு வா. எதையும் தொடாத."

"தோ வரேன், இந்த மீன முடிச்சிட்டு..."

"மீன் கெடக்கட்டும். நீ வா."

வந்தார். அப்புறம் நான் உள்ளே போனேன். பெரிய அடுப்பு திருகு திறந்தபடி இருந்தது. எப்போதோ கதவு இடுக்கில் வந்த காற்றில் அணைந்திருக்க வேண்டும். ரெகுலேட்டரை மூடினேன். சாக்குகளைப் பிடுங்கினேன். ஜன்னல்களைத் திறந்தேன். கடல் காற்று உள்ளே வந்து மற்ற வேலையைச் செய்தது.

வேலை அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

வெளியே வந்தால் முழங்கால் நிற்கவில்லை. மாஸ்டர் கவிழ்த்துப் போட்ட படகு மேல் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா மட்டும், "மீனு வெயில்ல கெடக்குது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஏழுமலை திரும்பி வந்தான். நெருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டான், பீடிக்கட்டை மட்டும் கொண்டுவந்திருந்தான்.

"வா மச்சான், ரோட்டாண்ட போய் ஒண்ணு போடலாம். நடுக்கம் நின்னுடும்."

"ஆமா அண்ணாத்த" என்றார் மாஸ்டர். "இன்னிக்கி ஒண்ணு போட்டா ஒண்ணும் ஆவாது. உயிரக் காப்பாத்திகீற. உன் பையில கீறதே என் சிகரெட்தான, அதையே நீ அடி."

உண்மையில் அது என் பையில் இருந்தது. லாரி நாளிலோ தூக்கம் வராத நாளிலோ நான் இவ்வளவு வேண்டும் என்று கேட்டதில்லை. உடம்பு முழுக்க ஒரே வாயாகிக் கேட்டது. பரிசாகக் கேட்டது. ஒன்றுதானே என்று கேட்டது. அந்த ஒன்றிலிருந்துதான் எல்லாரும் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

அன்றைக்கு ஒன்று புரிந்தது. கேட்டதில் ஒரு பாதி, உடம்பில் இருந்த பழைய நிக்கோட்டின் பழக்கம். இன்னொரு பாதி, கால் உட்கார இடம் கேட்டது. முதல் கட்டு வாங்குவதற்கு முந்தின நாள் மேனேஜரிடம் நான் கேட்ட அதே இடம்.

சிகரெட்டை எடுத்து மாஸ்டர் கையில் கொடுத்தேன்.

"இப்ப வேணாம். கொஞ்சம் நவுந்து உக்காரு, எடம் குடு. எனக்கு ஒரு டீ சொல்லு."

படகு மேல் உட்கார்ந்தேன். பக்கத்துக் கடையிலிருந்து டீ வந்தது. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்னபடி ஏறியது, நின்றது, இறங்கியது. டீயும் முடிந்தது. எழுந்து ரெண்டு சிலிண்டரையும் உள்ளே மாட்டிக் கொடுத்தேன், சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்துவிட்டு.

அன்றைக்கே ஏழுமலை பீடியை விட்டான் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விடவில்லை. ஆனால் திங்கட்கிழமை வாட்ச்மேன் டப்பாவை நீட்டியபோது அவன் தீப்பெட்டியை எடுக்கவில்லை. "சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன், வண்டில ஏத்தல" என்றான். அடுத்த வண்டிக்காரனும் அப்படியே செய்தான். யாரும் உத்தரவு போடவில்லை. பீடியை அவன் விட்டது பிறகு, பல தடவை விட்டு, பல தடவை பிடித்து. கடைசித் தடவை அவன் என் பக்கத்தில் கல்லில் வந்து உட்கார்ந்து, "நகரு சாமியாரே" என்றான். கையில் பீடி இல்லை, டீதான் இருந்தது. எனக்குப் புரிந்தது.

மேனேஜரும் மாறினார். மாமல்லபுரத்துச் சேதி அவர் காதுக்குப் போயிருந்தது. என்னை மெக்கானிக் வேலைக்குத் திரும்ப எடுத்தார். லாரி பாதி இறங்கியதும் எல்லாரும் உட்காரலாம் என்றார், பீடி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதற்கப்புறம் புதிதாக வந்தவர்களில் பீடி பிடிக்கக் கற்றுக்கொண்டவன் குறைவு.

ஆகவே, உங்களோடு இருப்பவன் ஒருத்தன் பீடியை விட்டிருக்கிறான் என்று தெரிந்தால், அவனைப் புகழ வேண்டாம். கிண்டலும் வேண்டாம். அவன் சும்மா நிற்கிறான் என்று கையில் சிலிண்டரைக் கொடுக்காதீர்கள். கேட்டுக்கு வெளியே அந்தக் கல் இன்னும் கிடக்கிறது. நகர்ந்து உட்கார்ந்து, அவனுக்கு இடம் விடுங்கள்.